பெரிய வெள்ளி ஒருசந்தி

நார்த்மீட், சிட்னி
12 யூன் 2025

என் அன்பான அருள்,

நீயும் அம்புறோஸ் அண்ணையும் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். அண்ணையின் முழங்கால் நோ எப்படி? உன் மனுசனுக்குச் சொல்லு, டாக்சி ஓடியது போதும், இனிக் கதிரையில் சாய்ந்திருந்து ரீவி பார்க்கட்டும்.

அம்மாவை மெல்பனில் அடக்கம் செய்தாலும், முப்பத்தோராம் நாள் பூசை ஞாயிற்றுக்கிழமை இங்கே நல்லபடி முடிந்தது. பூசை தொடங்கும்வரை நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ வரவில்லை. லீவு தரவில்லை என்றாய். உண்மையாகவா, இல்லை சும்மா சாட்டா? கோவிக்காதே. மன்னாரில் ஒரே வாங்கில் இருந்து படித்த நாளில் இருந்து உன்னோடு சண்டை கொழுவித்தான் எனக்குப் பழக்கம். போனில் கதைத்தால் ரெண்டு பேரும் அழுவதோடு சரி, ஒரு அலுவலும் முடிகிறதில்லை. அதுதான் பேனையை எடுத்தேன்.

சிட்னியில் முதியோர் இல்லம் இல்லாமலா அம்மாவை மெல்பனில் விட்டேன்? இங்கே நான் பார்த்த இடமொன்றிலும் அம்மாவோடு தமிழில் ஒரு சொல் கதைக்க ஆள் இல்லை. "நோபல் பார்க்கில அருள் வேலை செய்யிறாள், அவளிட்ட விட்டால் என்னட்ட விட்டமாதிரி" என்று என் மனுசனிடம் அடித்துச் சொன்னவள் நான். மூன்று வருசமாக நீ அம்மாவைக் குளிப்பாட்டி, தலை இழுத்து, சட்டைக்குப் பொருத்தமாய் மாலைகூடப் போட்டுவிட்டாய். பெற்ற மகள் நான் அவ்வளவு செய்திருக்க மாட்டேன். இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாய் இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வெள்ளியன்று அம்மா விழுந்தது கால் தடுக்கி இல்லையாம். இரத்தத்தில் சீனி இறங்கி மயங்கித்தான் விழுந்திருக்கிறா என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இருக்கிறது. இடுப்பு எலும்பு உடைந்ததும், ஒப்பரேஷனும், மூன்று கிழமையில் போய்ச் சேர்ந்ததும் அதற்குப் பிறகு வந்தவைதான். அன்று காலையில் சீனி வருத்தக் குளிசை குடுத்தவள் அந்த மலேசியப் பெட்டை, விஷாலினி என்கிற நேர்ஸ். என்ன குடுத்தாள், எத்தனை குடுத்தாள், யாருக்குத் தெரியும்? முதியோர் பராமரிப்பு ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதிவிட்டேன். நான் விடமாட்டேன் அருள்.

நீ ஒரு உதவி செய். அந்தப் பெட்டை வேலையில் கவனமில்லாதவள் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அன்று காலையில் அம்மாவோடு நின்றவள் நீதானே. உன் சொல்லுக்குப் பெறுமதி இருக்கும்.

அன்போடு,
மெற்றில்டா

*

நோபல் பார்க், மெல்பன்
25 யூன் 2025

அன்பு மெற்றில்டா,

உன் கடிதம் கிடைத்தது. அம்புறோஸுக்கு வாசித்துக் காட்டினேன். "ரீவி பாக்கிறதெண்டால் இவளை ஆர் வேலைக்குக் கொண்டுபோய் விடுறது?" என்று சிரித்தார். நல்லாய் இருக்கிறார். எனக்குத்தான் நித்திரை குறைவு.

பூசைக்கு வராதது என் பிழை. லீவு கேட்கவே இல்லை. உன்னிடம் பொய் சொன்னேன், மன்னித்துக்கொள். வெளிக்கிட்டு, பையும் அடுக்கினேன். பிறகு உடுப்பை எல்லாம் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

நீ கேட்ட பக்கத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் வேலை உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். மருந்து அலுமாரியைப் பூட்டித் திறப்பை நேர்ஸ்தான் வைத்திருப்பாள். நாங்கள் குளிசையைத் தொடக்கூடாது. எங்கள் வேலை குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. ஆர் எவ்வளவு சாப்பிட்டார் என்று கணினியில் பதிய வேண்டும். சாப்பாட்டை வேண்டாம் என்று ஆராவது சொன்னால், அதை நின்ற நிலையில் உடனே நேர்ஸுக்குச் சொல்ல வேண்டும். அவள் நாங்கள் சொல்வதை வைத்துத்தான் குளிசை குடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுப்பாள். இதுதான் ஒழுங்கு.

விஷாலினி கவனமில்லாத பிள்ளை இல்லை மெற்றில்டா. தொண்ணூறு வயதுக் கிழவர் அவளைத் தினமும் திட்டுவார், அவரிடம்கூடப் பெயரைக் கேட்டு, படத்தைப் பார்த்து, வாய்க்குள் போனதை உறுதிசெய்துதான் அடுத்த ஆளிடம் போவாள். படிக்க வந்து, இரவு வேலை செய்து காசு கட்டி, போன வருசம்தான் நேர்ஸாகப் பதிவு எடுத்தவள். உன் முறைப்பாட்டுக்குப் பிறகு அவளை மருந்து வேலையில் இருந்து எடுத்துவிட்டார்கள். சாப்பாட்டு அறையில் கோப்பை அடுக்குகிறாள்.

நவம்பரில் புதுச் சட்டம் வருகிறதாம். கிழமைக்கு ஒருநாள் எங்களை இருத்தி வைத்துப் படிப்பிக்கிறார்கள். முதலாவது பாடமே, இங்கே இருக்கிற ஒவ்வொருவருடைய விருப்பத்துக்கும் நம்பிக்கைக்கும் மதிப்புக் குடுக்க வேண்டும் என்பது. போன செவ்வாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் எழும்பி வெளியே போய்விட்டேன். தலை சுற்றுது என்று சொன்னேன்.

அந்த முறைப்பாட்டை விட்டுவிடேன். உன் அம்மா, என் அன்ரி, ஒருவரையும் சபித்து அறியாதவ. உனக்காகத்தான் சொல்கிறேன்.

உன்,
அருள்நாயகி

*

நார்த்மீட்
8 யூலை 2025

அருள்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு விளங்கவில்லை. செத்தது என் அம்மா. நீ பரிதாபப்படுவது அந்தப் பெட்டைக்கு. அவள் கோப்பை அடுக்கினால் என்ன, கோப்பை கழுவினால் என்ன? நல்ல வடிவாய் அடுக்கட்டும்!

உன்னோடு வேலை செய்கிறவள் என்று பயப்படுகிறாயா? அப்படியென்றால் வாயைத் திறந்து சொல்லு. "எனக்கு வேலை முக்கியம்" என்று சொன்னால் நான் கோவிக்க மாட்டேன். ஆனால் அம்மா சபிக்காதவ, நீயும் சபிக்காதே என்று எனக்குப் பிரசங்கம் வைக்காதே.

இன்னொன்று. இல்லத்துப் பதிவுகளின் பிரதி எனக்கு வந்திருக்கிறது. ஏப்ரல் 18, காலை எட்டுப் பத்து. ஓட்ஸ் கஞ்சி, பாண் ரெண்டு துண்டு, தேத்தண்ணி. "முழுவதும் சாப்பிட்டார்." பதிந்தது, அருள்நாயகி. நீயே எழுதியிருக்கிறாய். அதை வாசித்ததும் நான் குசினித் தரையில் இருந்து அழுதேன். ஏனென்று கேட்காதே. என் நெஞ்சில் இருந்து ஒரு பாரம் இறங்கியது, அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது யோசி. அம்மா முழுக்கச் சாப்பிட்டிருக்கிறா. ரெண்டரை மணித்தியாலத்தில் சீனி இறங்கி விழுகிறா. எப்படி? சாப்பிட்ட மனுசிக்கு ஒரு குளிசையால் அப்படி வருமா? அவள் ரெண்டாவது தரமும் குடுத்திருக்கிறாள், அல்லது வேறு ஆருடைய குளிசையையோ குடுத்திருக்கிறாள். என் வழக்கறிஞரும் அதைத்தான் சொல்கிறார். உன்னுடைய அந்தப் பதிவுதான் எங்களுக்குப் பெரிய சாட்சியாம். அவளுடைய நேர்ஸ் பதிவு போகும், வேலை போகும், திரும்ப மலேசியாவுக்கே போகட்டும்.

ஓகஸ்டில் விசாரணையாளர் உன்னைக் கூப்பிடுவார். நீ எழுதியதை எழுதியபடி சொன்னால் போதும். வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை. இதைக்கூட எனக்குச் செய்யமாட்டாயா?

மெற்றில்டா

*

நோபல் பார்க்
21 யூலை 2025

மெற்றில்டா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதே. இருந்து வாசி. உன் மனுசனும் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்று காலை அன்ரி ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு கரண்டிகூட இல்லை. நான் எழுதியது பொய்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மார்ச்சில் விபூதிப் புதன் அன்றும் அன்ரி ஒருசந்தி நோன்பு என்று சாப்பிட மறுத்தவ. அப்போது நான் ஒழுங்கின்படி விஷாலினியிடம் சொன்னேன். அவள் குளிசையை நிறுத்திவைத்து டாக்டருக்கு அறிவித்தாள். டாக்டர் வந்தார், மனேஜர் வந்தார், சாப்பாட்டு நிபுணர் என்று ஒரு பெண்ணும் வந்தாள். கட்டிலைச் சுற்றி நின்று ஏன் சாப்பிடவில்லை, கவலையா, சாக நினைக்கிறாயா என்றெல்லாம் கேட்டார்கள். நான்தான் மொழிபெயர்த்தேன். அன்ரி போர்வையால் முகத்தை மூடிக்கொண்டா. மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "உன்னை என்ரை பிள்ளை எண்டு நினைச்சன், நீ காட்டிக்குடுத்துப்போட்டாய்" என்று மட்டும் சொன்னா.

பெரிய வெள்ளி காலையில் நான் தட்டோடு போனபோது கட்டிலில் எழும்பி இருந்தா. செபமாலை கையில் இருந்தது.

"பிள்ளை, இண்டைக்கு ஒருசந்தி. மூண்டு மணிக்குப் பிறகு சாப்பிடுறன். நேர்ஸம்மாவிட்டச் சொல்லிப்போடாதை."

"அன்ரி, உங்களுக்குச் சீனி வருத்தம். அறுபது தாண்டினவைக்கு ஒருசந்தி இல்லை எண்டு சாமியாரே சொல்லுறார்."

"சாமியாரின்ர பிள்ளையையோ பிடிச்சுக்கொண்டு போனவை?"

உன் தம்பி ஜெறோம் காணாமல் போன வருசத்தில் இருந்து அன்ரி பெரிய வெள்ளியில் பல்லில் தண்ணி படவிடாதவ என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்று நானும் வெறும் வயிறுதான். ஒருசந்தி பிடித்தவள் இன்னொருத்தியின் ஒருசந்தியைக் குழப்புவதா என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய புத்தி எனக்கு! கஞ்சியை நான்தான் குளியலறைக்குக் கொண்டுபோய் ஊற்றினேன். தேத்தண்ணியையும் ஊற்றினேன். பாண் துண்டைப் பேப்பரில் சுற்றி என் சட்டைப் பைக்குள் வைத்தேன். பிறகு அந்த ரெண்டு சொல்லைப் பதிந்தேன்.

எட்டரைக்கு விஷாலினி மருந்து வண்டிலோடு வந்தாள். "பாட்டி நல்லா சாப்பிட்டாங்களா அக்கா?" என்று கேட்டாள். "ஓம், முழுக்கச் சாப்பிட்டவ" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு ஒரு குளிசையைக் குடுத்தாள். ஒன்றுதான் மெற்றில்டா. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்ரி குளிசையையும் ஒரு மிடறு தண்ணியையும் மறுக்கவில்லை. மறுத்தால் எல்லாரும் திரும்ப வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள் என்ற பயம்.

குளிசையை வெறும் வயிற்றில் குடிப்பது அவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? தெரியும். படித்திருக்கிறேன். பரீட்சை எழுதிச் சான்றிதழும் வைத்திருக்கிறேன். ஆனால் அன்று அது பாடமாகத்தான் மண்டையில் இருந்தது. அன்ரி என்றால் நோன்பு பிடித்தும் நடமாடுகிற மனுசி என்றே என் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று மணிக்குத்தானே, மூன்று மணிக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுப்போம் என்று நினைத்தேன்.

பத்தே முக்காலுக்குப் பெரிய அறையில் சிலுவைப்பாதைச் செபம். நாலாம் தலத்தில் முழங்காலில் இருக்கப்போனவ அப்படியே சரிந்தா. சட்டை நனைந்து தெப்பமாய் வேர்த்திருந்தது. விஷாலினி ஓடிவந்து விரலில் குத்திச் சீனி பார்த்தாள். "சாப்பிட்டாங்கதானே அக்கா? சாப்பிட்டாங்கதானே?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

முதல் பொய் அன்ரிக்காகச் சொன்னது. இந்தத் தலையாட்டல் எனக்காக. அதை நினைத்தால்தான் நித்திரை வருகிறதில்லை. என் சட்டைப் பைக்குள் அந்தப் பாண் துண்டு அப்போதும் இருந்தது.

உன் கடிதம் வந்த அன்றே மனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியும் குடுத்தேன். வேலையில் இருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணையாளரிடமும் இதையே சொல்வேன். நீ கேட்டபடி, எழுதியதை எழுதியபடி சொல்ல என்னால் ஏலாது.

மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. திட்டு. நல்லாய்த் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அருள்

*

நோபல் பார்க்
30 செப்ரெம்பர் 2025

அன்பு மெற்றில்டா,

பத்துக் கிழமையாய்த் தபால்பெட்டியைப் பார்க்கிறேன். நாலு தரம் போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. உன்னில் பிழை சொல்லவில்லை.

விசாரணை முடிந்தது. விஷாலினியில் குற்றம் இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. திரும்ப மருந்து வேலைக்குப் போய்விட்டாள். என்னை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். இனி எங்கேயும் முதியோரைப் பார்க்கிற வேலைக்குப் போகக்கூடாது என்று தடையும் வரலாமாம். அது சரிதான். நானாய் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். அம்புறோஸ் திரும்ப இரவிலும் டாக்சி ஓடுகிறார்.

கடைசி நாள் என் சாமானை எடுக்கப் போனபோது விஷாலினி வாசல்வரை வந்தாள். முகத்தில் அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். "அக்கா, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தீங்கன்னா, டாக்டருக்குப் போன் பண்ணி அன்னைக்கு மட்டும் மாத்திரையை நிறுத்தி வச்சிருப்பேன். யாரையும் ரூமுக்குள்ள விட்டிருக்க மாட்டேன். பாட்டி விரதம் இருந்திருக்கலாம்" என்றாள். எங்கள் வீட்டிலும் அம்மா சஷ்டிக்கு விரதம் இருப்பாங்க என்று சொல்லி அழுதாள்.

சட்டத்தில் அதற்கு இடம் இருந்தது மெற்றில்டா. முன்கூட்டிச் சொல்லி, எழுதிவைத்து, அன்ரியின் விருப்பப்படியே செய்திருக்கலாம். அந்த ஒழுங்கு எல்லாம் எங்களைப் பிடித்துக்குடுக்கத்தான் இருக்கிறது என்று நினைத்து, அதில் இருந்து அன்ரியை மறைத்தேன்.

ஒரு வரி எழுது. திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

அருள்

*

நார்த்மீட்
5 நவம்பர் 2025

அருள்,

ஒரு வரி கேட்டாய். கொஞ்சம் கூடவே எழுதுகிறேன்.

பெரிய வியாழன் பின்னேரம் அம்மா எனக்குப் போன் எடுத்தவ. நீ இதை அறியமாட்டாய். இவருக்கும் நான் சொல்லவில்லை. "நாளைக்கு நான் ஒருசந்தி. போன முறைமாதிரி அவை கூத்தாடாமல் அருளை மடக்கிப்போடுவன்" என்று சொல்லிச் சிரித்தா. நான் அப்போது காரை நிற்பாட்ட இடம் தேடிக்கொண்டிருந்தேன். "சரியம்மா, கவனம்" என்றேன். போனை வைத்தேன்.

இல்லத்துக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். அல்லது உனக்கு. ரெண்டு நிமிச வேலை. அருள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். எப்போதும் அப்படித்தானே விட்டேன்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கண்ட அன்றே எனக்கு விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி இருந்தேன். ஆரையாவது பிடித்துக் குற்றம் சொல்ல வேண்டும் போல இருந்தது, அந்தப் பிள்ளை அகப்பட்டாள். பிறகு உன்னுடைய பதிவு வந்தது. "முழுவதும் சாப்பிட்டார்." அம்மா மனம் மாறிச் சாப்பிட்டிருக்கிறா, அப்படியென்றால் அந்தப் போனுக்கும் சாவுக்கும் தொடர்பில்லை, நான் தப்பிவிட்டேன். குசினித் தரையில் இருந்து அழுதது அதற்குத்தான். உன் பொய்யைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நித்திரை கொண்டேன் அருள். நீ உண்மையைச் சொல்லி அதைப் பறித்தாய். யூலையில் எனக்கு வந்த கோபம் அம்மாவைக் கொன்றாய் என்று இல்லை. ஏன் எனக்குச் சொன்னாய் என்றுதான். என்ன மகள், பார்.

விஷாலினிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். பெரிய வியாழன் போன் விஷயத்தையும் எழுதினேன். அவளுக்கு எழுத முடிந்தது, உனக்கு எழுதத்தான் இவ்வளவு நாள் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆத்துமாக்கள் திருநாளுக்கு, மெல்பன் வந்திருந்தேன். காலை ஒன்பதரைக்கு மயானத்துக்குக் காரில் போனபோது நீ அங்கே இருந்தாய். வாளியும் துணியும் கொண்டுவந்து அம்மாவின் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாய். நல்லாய் மெலிந்துபோனாய். "எடி அருள்" என்று கூப்பிட வாய் வந்தது. கூப்பிட்டிருந்தால் நீ ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்திருப்பாய், மன்னித்துக்கொள் என்று என்னிடம் கேட்டிருப்பாய். என்னிடம்! நான் கார்க் கதவைத் திறக்கவில்லை. நீ பஸ் எடுக்கப் போகும்வரை முக்கால் மணித்தியாலம் உள்ளேயே இருந்தேன்.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை. இதை நம்பு. ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் என் முகம் தெரிகிறது, அதை என்னால் தாங்க ஏலாது. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தால் அம்மாவைப் பற்றித்தான் கதைப்போம். அம்மாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அந்த வெள்ளிக்கிழமையைத் தாண்டி ஒருநாளும் போகமாட்டோம். இதற்குப் பதில் எழுதாதே அருள். எழுதினால் நான் திறப்பேன், திறந்தால் பதில் போடுவேன்.

அடுத்த வருசமும் நீ காலையிலேயே போ. நான் பின்னேரம் போகிறேன்.

மெற்றில்டா